அறிமுகத்தைக் காகிதமாக்குங்கள்: சிறு தொழிலுக்கு வங்கிக் கடன் வாங்க முழுமையான வழிகாட்டி

கடன் கேட்டுக் கிளம்பும் சிறு தொழில்காரர் முதலில் விசாரிப்பது, "பேங்க்ல யாரையாவது தெரியுமா?" என்பதைத்தான். உண்மையில் கடனுக்கு உதவப் போகிறவர் பெரும்பாலும் வங்கிக்கு வெளியேதான் இருக்கிறார். சரக்கு எடுக்கும் மொத்தக் கடைக்காரருக்கு நீங்கள் சொன்ன தேதிக்குப் பணம் கொடுப்பவர் என்று தெரியும். கட்டட உரிமையாளருக்கு வாடகை தவறியதில்லை என்று தெரியும். மேனேஜருக்கு இது எதுவும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததை மேனேஜர் கோப்பில் வைக்கக்கூடிய காகிதமாக மாற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் இந்த வழிகாட்டி சொல்லும் வேலை.

புரிவதற்காக ஒரே உதாரணத்தைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஒரு சிறு நகரம். முறுக்கு, மிக்சர் போட்டுச் சுற்றுவட்டார மளிகைக் கடைகளுக்கு சப்ளை செய்யும் யூனிட். ஆண்டு விற்பனை ₹36 லட்சம். உள்மாநிலச் சரக்கு வியாபாரம், ₹40 லட்சத்துக்குள் இருப்பதால் ஜி.எஸ்.டி. பதிவு எடுக்கவில்லை. சொந்த இடம் இல்லை. இப்படிப்பட்டவருக்குத்தான் வங்கிக் கதவு கடினமாகத் திறக்கிறது. பழகிய ஆட்களின் உதவி அதிகம் தேவைப்படுவதும் இவருக்குத்தான்.

படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். பலர் எட்டாவது படியான அறிமுகத்தில் தொடங்கி முதல் படிக்குத் திரும்பி ஓடி வருகிறார்கள். அதற்குள் அந்தக் கிளையில் ஒரு நிராகரிப்பு பதிவாகிவிடுகிறது.

1. ஆறு மாதம் முன்பே தயார் செய்ய வேண்டியவை

ஆதார், பான் இரண்டிலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் ஒன்றில் முன்னால், மற்றொன்றில் விரித்து எழுதியது என்றால் இப்போதே திருத்துங்கள். உத்யம், அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, கட்டணமில்லாதது; அரசின் உத்யம் இணையதளத்தில் ஆதாரையும் பானையும் வைத்து நீங்களே செய்யலாம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை. ஜி.எஸ்.டி. சட்டப்படி பதிவு தேவைப்படாதவர் அந்த எண் இல்லாமலே உத்யம் எடுக்கலாம். உணவுத் தொழில் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யிடம் விற்பனை அளவுக்கேற்ற பதிவோ உரிமமோ எடுத்திருக்க வேண்டும்; கூடவே உள்ளாட்சியின் தொழில் உரிமமும், வாடகை ஒப்பந்தமும் வேண்டும்.

தொழில் பெயரில் ஒரு நடப்புக் கணக்கு தொடங்குங்கள். இன்று முதல் விற்பனைப் பணம் முழுவதும் அதில் விழ வேண்டும். ரொக்கமாக வருவதையும் வாரம் இரண்டு முறை கட்டுங்கள். ஏன் ஆறு மாதம்? வங்கி கேட்பது குறைந்தது ஆறு மாத ஸ்டேட்மென்ட். பல கிளைகள் ஓராண்டு கேட்கும். கடன் கேட்பதற்கு முந்தைய மாதம் மட்டும் கணக்கில் பணம் புரண்டால், அது எதற்காகப் புரண்டது என்று பார்ப்பவருக்குத் தெரியும்.

நீங்கள் வாங்கிய கடன்களும் கட்டிய விதமும் பதிவாகும் கடன் அறிக்கையை நீங்களே முதலில் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். குறைந்தது இரண்டையாவது எடுங்கள். நாம் எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. வங்கிகளில் அடுத்தடுத்து விண்ணப்பித்தால்தான் குறையும்.

அறிக்கையில் அடிக்கடி திடுக்கிட வைப்பது, மற்றவருக்காக நம் பெயரில் எடுத்த கடன். குழுக் கடனில் பக்கத்து வீட்டுக்காரருக்காகக் கையெழுத்துப் போட்டுப் பணத்தை அவரிடம் கொடுத்திருப்பார்கள். அவர் கட்டாமல் விட்டது உங்கள் பெயரில் நிற்கும். நுண்கடன் நிறுவனங்களும் கடன் விவரத்தை இந்த நான்கு இடங்களுக்கும் அனுப்புகின்றன. இப்படி ஒன்று இருந்தால் மேலே போகாதீர்கள். முதலில் அதை அடைத்து, நிலுவை இல்லாச் சான்று வாங்கி, அறிக்கையில் திருத்தம் ஏறியதைப் பார்த்த பிறகு அடுத்த படிக்கு வாருங்கள்.

2. எவ்வளவு, எதற்கு என்று தீர்மானித்தல்

யாரிடமும் உதவி கேட்கும் முன் தொகை முடிவாக வேண்டும். "எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்பவரை வங்கி நம்புவதில்லை; அவருக்காகப் பேச வருபவரும் சங்கடப்படுவார்.

மெஷின் வாங்கத் தவணைக் கடன். சரக்குக்கும் வெளியில் நிற்கும் பாக்கிக்கும், ஒரு வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துக் கட்டும் கேஷ் கிரெடிட், அதாவது சி.சி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். சி.சி.க்குச் சிறு தொழில்களில் வங்கிகள் பின்பற்றும் கணக்கு எளிது: ஓராண்டு எதிர்பார்க்கும் விற்பனையில் 25% நடைமுறை மூலதனத் தேவை. அந்த 25%இல், விற்பனையின் 5% உங்கள் கைப்பணம், 20% வங்கி. நம் யூனிட்டுக்கு ₹36 லட்சத்தில் தேவை ₹9 லட்சம், கைப்பணம் ₹1.8 லட்சம், வங்கி தரக்கூடியது ₹7.2 லட்சம். இதோடு ₹2 லட்சத்துக்கு ஒரு மாவு பிசையும் மெஷினும் பேக்கிங் மெஷினும் என்றால் மொத்தம் ₹9.2 லட்சம்.

இப்போது கட்ட முடியுமா என்று பாருங்கள். ₹2 லட்சத்துக்கு 11% வட்டி, 36 மாதம் என்றால் தவணை சுமார் ₹6,550. சி.சி.யை முழுவதும் எடுத்திருந்தால் மாத வட்டி ₹6,600. இரண்டும் சேர்ந்து ₹13,150.

இங்கேதான் வருமான வரி ரிட்டர்ன் குறுக்கே வரும். விற்பனையில் ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டும் உத்தேச வருமான முறையில் 8% என்று காட்டியிருந்தால் ஆண்டுக்கு ₹2.88 லட்சம், மாதம் ₹24,000. குடும்பச் செலவையும் கழித்தால் ₹13,150 தாங்காது என்று அதிகாரி எழுதிவிடுவார். ரொக்க விற்பனைக்கு 8% என்பது குறைந்தபட்சம்தான். உண்மை லாபம் அதற்கு மேல் என்றால் உண்மையைக் காட்டுங்கள். வரி மிச்சம் என்று குறைத்துக் காட்டியது கடனில் திரும்பி வந்து கடிக்கும். இரண்டாண்டு ரிட்டர்னை ஒரே நாளில் போடுவதும் பலிக்காது. தாக்கல் செய்த தேதி ரிட்டர்னிலேயே அச்சாகியிருக்கும்.

தண்டல், மீட்டர் வட்டி ஏதேனும் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். தினத் தண்டலையும் வங்கித் தவணையையும் சேர்த்து இழுக்க முயன்ற யூனிட்கள் நான்கைந்து மாதத்தில் தவணை தவறுவது வழக்கமாக நடக்கிறது. தண்டலைப் பாதியாவது குறைத்துவிட்டு வாருங்கள்.

சிறு தொழில் கடனுக்கான மத்திய அரசின் முத்ரா திட்டப் பிரிவுகளும் தெரிந்திருக்கட்டும்: ₹50,000 வரை சிஷு, ₹5 லட்சம் வரை கிஷோர், ₹10 லட்சம் வரை தருண். தருண் கடனை ஒழுங்காக முடித்தவருக்கு ₹20 லட்சம் வரை தருண் பிளஸ். நம் உதாரணம் தருணில் வரும்.

3. யாருக்கு உங்களைப் பற்றி என்ன தெரியும் என்று பட்டியல் போடுதல்

ஒரு தாளை எடுத்துப் பெயர்களை எழுதுங்கள். எத்தனை பெரிய மனிதர் என்று பார்க்காதீர்கள். அவருக்கு உங்களைப் பற்றி எந்த விஷயம் நேரடியாகத் தெரியும் என்று பாருங்கள்.

மொத்தக் கடைக்காரருக்குத் தெரிவது நீங்கள் எவ்வளவு எடுக்கிறீர்கள், எத்தனை நாளில் கொடுக்கிறீர்கள் என்பது. உங்களிடம் வாங்கும் மளிகைக்கடைக்குத் தெரிவது மாதாமாதம் ஓடும் விற்பனை. கட்டட உரிமையாளருக்குத் தெரிவது எத்தனை ஆண்டாக அதே இடம் என்பது. கணக்கு எழுதுபவருக்கு லாபம் தெரியும். அதே தொழிலில் ஏற்கெனவே கடன் வாங்கியவருக்கு எந்தக் கிளை இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ளும் என்று தெரியும்.

கவுன்சிலரும் கட்சிக்காரரும் பட்டியலில் வேண்டாம். அவர் போனில் சொன்னால் மேனேஜர் மரியாதையாகப் பேசுவார். ஆனால் அவர் சொன்னதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்? கடன் பரிந்துரைப் படிவத்தில் "சிபாரிசு" என்று ஒரு வரி கிடையாது. "சரக்குக் கொடுப்பவர்கள், வாங்குபவர்கள், வழக்கமான தவணை நாட்கள்" என்பவற்றுக்கெல்லாம் வரி உண்டு. அரசியல் தலையீடு என்று தெரிந்தால் சில அதிகாரிகள் கூடுதல் கவனத்தோடு துருவுவார்கள்.

பட்டியல் காலியாக இருக்கிறதா? வெளியூரிலிருந்து வந்து தொழில் போட்டவர், குடும்பத்தில் முதன்முதலாகக் கடை வைத்தவர், ஊரின் பெரும்பான்மைச் சமூகத்தைச் சேராதவர் ஆகியோருக்கு இது உண்மையான சிக்கல். திருப்பூர் பனியன் தொழிலைப் பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். உள்ளூர்ச் சமூக வலை உள்ளவர்கள் அதிக முதலோடு தொடங்கினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலில் தொடங்கியும் வேகமாக வளர்ந்தார்கள் என்பது அதில் தெரிந்தது. முதல் கிடைக்காததற்குத் திறமைக் குறைவு காரணமில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆனால் வங்கிக் கோப்பு அதைத் தானாகப் புரிந்துகொள்ளாது. இப்படிப்பட்டவர்கள் ஒரே சப்ளையரிடம் தொடர்ந்து ஓராண்டு, வங்கி வழியாக மட்டும் பணம் கொடுத்து வாங்கினால் போதும். பட்டியலில் முதல் பெயர் வந்துவிடும். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோர் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். திட்ட மதிப்பில் 35% மூலதன மானியம் உண்டு. சிபாரிசு பிடித்துத் தருவதாகச் சொல்லும் ஆள் அங்கே தேவையில்லை.

4. தெரிந்ததை எழுத்தில் வாங்குதல்

முழு வழிகாட்டியிலும் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். "நல்லவர், நாணயமானவர், கடன் கொடுக்கலாம்" என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி வருகிறார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. அதிகாரிக்கு எண் வேண்டும், தேதி வேண்டும், சரிபார்க்க வழி வேண்டும்.

மொத்தக் கடைக்காரரிடமிருந்து வாங்கும் கடிதம் இப்படி இருக்கட்டும்:

"இவர் எங்கள் கடையில் 2022 ஜூன் முதல் கடலை மாவு, பாமாயில் எடுத்து வருகிறார். 21 நாள் தவணை. 1.4.2024 அன்று பழைய நிலுவை ₹58,400. 31.3.2025 வரை கொடுத்த பில்கள் 48, தொகை ₹13,24,600. வரவு வந்தது ₹13,20,000. முடிவு நிலுவை ₹63,000, தவணைக்குள் உள்ளது. இந்த ஓராண்டில் செக் எதுவும் திரும்பவில்லை. லெட்ஜர் நகல் இணைத்துள்ளோம்."

கீழே அவருடைய ஜி.எஸ்.டி. எண், சீல், கையெழுத்து, போன் எண். ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. எத்தனை ஆண்டுப் பழக்கம் என்பது தொழில் நிலைத்து நிற்பதைக் காட்டுகிறது. தவணை நாளும் முடிவு நிலுவையும் சேர்ந்து, நீங்கள் பாக்கியை இழுப்பவர் இல்லை என்று காட்டுகின்றன: மாதம் சுமார் ₹1.1 லட்சம் எடுப்பவருக்கு 21 நாளில் ₹77,000 வரை நிலுவை இருக்கலாம், இருப்பது ₹63,000. செக் திரும்பவில்லை என்பதை அதிகாரி உங்கள் ஸ்டேட்மென்ட்டில் ஒத்துப் பார்ப்பார். லெட்ஜரில் வரவு ₹40,000 என்று உள்ள தேதியில் உங்கள் கணக்கில் ₹40,000 பற்று இருக்க வேண்டும். பாதிப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இந்தக் கடிதத்தின் பலம் பாதியாகிவிடும். முதல் படியில் எல்லாம் வங்கி வழியாக என்று வலியுறுத்தியதற்குக் காரணம் இதுதான்.

ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் இல்லாத நம் யூனிட்டுக்கு விற்பனைக்கான சான்றுகள் குறைவு. ஆண்டுக்கு ₹13 லட்சத்துக்கு மாவும் எண்ணெயும் எடுப்பவர், மற்ற சரக்கு, விறகு, கூலி எல்லாம் சேர்த்து ₹36 லட்சத்துக்கு விற்கிறார் என்பது நம்பக்கூடிய கணக்கு. கொள்முதலிலிருந்து விற்பனைக்குப் போகும் இந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதிக் கடிதத்தோடு இணையுங்கள். அதிகாரியே போடட்டும் என்று விடாதீர்கள்.

உங்களிடம் வாங்குபவர்களில், அதிகம் வாங்கும் மூன்று கடைகளின் கடிதம் போதும். மாத சராசரி, பணம் கொடுக்கும் முறை, எத்தனை ஆண்டு: மூன்று வரி. கட்டட உரிமையாளரிடம் வாடகை ரசீதுகளும், தொழில் நடத்த ஆட்சேபம் இல்லை என்ற கடிதமும். ஏலச்சீட்டு கட்டுபவர் என்றால், பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்தின் பாஸ்புத்தக நகலை வையுங்கள். கடன் அறிக்கையில் சீட்டு வராது. ஆனால் மாதம் தவறாமல் ₹10,000 கட்டிய 20 மாதப் பதிவு, தவணை கட்டும் பழக்கத்துக்கு நல்ல அடையாளம். பதிவில்லாத தெருச் சீட்டைக் காட்டாதீர்கள்.

இந்தக் கடிதங்களைக் கேட்கப் போகும்போது சப்ளையர் தயங்கினால் பயப்படாதீர்கள். ஜாமீன் கேட்கிறீர்களோ என்றுதான் தயங்குகிறார். "அண்ணே, ஜாமீன் கையெழுத்து இல்ல, லெட்ஜர்ல இருக்கறத மட்டும் எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிடுங்கள். எழுதுவதை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோனால் அன்றே கையெழுத்து கிடைக்கும். எண்களை மட்டும் அவர் லெட்ஜரில் பார்த்து நிரப்பட்டும். பொய்யாகக் கூட்டி எழுதச் சொல்லாதீர்கள். கடிதம் கொடுத்தவருக்கு வங்கியிலிருந்து போன் போகும்.

5. சங்கத்தின் வேலை எதுவரை

வணிகர் சங்கமோ தொழில் சங்கமோ மூன்று விஷயத்துக்கு உதவும். ஒன்று, உறுப்பினர் சான்று: எந்த ஆண்டு முதல், எந்த முகவரியில். இரண்டு, வங்கி மேலாளர்களும் மாவட்டத் தொழில் மைய அதிகாரிகளும் வரும் கடன் முகாம் தகவல். மூன்று, எந்தக் கிளை எந்தத் தொழிலுக்குக் கொடுக்கிறது என்ற நிலவரம்.

தள்ளுவண்டி, நடைபாதை வியாபாரிகளுக்குச் சங்கம் இன்னும் முக்கியம். அவர்களுக்கான மத்திய அரசின் பி.எம். ஸ்வநிதி கடனுக்கு, நகராட்சி தரும் விற்பனையாளர் சான்றோ அடையாள அட்டையோ வேண்டும்; கணக்கெடுப்பில் விடுபட்டவர் நகராட்சியின் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். அந்தக் கடிதத்துக்கு விண்ணப்பிக்கும்போது வியாபாரிகள் சங்க உறுப்பினர் விவரமும் ஒரு சான்றாக ஏற்கப்படுகிறது.

கடன் கேட்கும் வாரத்தில் சந்தா கட்டிச் சேர்ந்து சான்று வாங்குவது வீண். தேதி சான்றிலேயே இருக்கும்.

6. பெண்கள் நடத்தும் தொழிலா? குழு வழியையும் பாருங்கள்

சுய உதவிக் குழுவில் இருப்பவர் தனிக் கடனுக்கு நேராகப் போவதைவிட, குழு வழியாக ஒரு கடனை எடுத்து முடித்துவிட்டுப் போவது நல்லது. குழுவுக்கு ₹10 லட்சம் வரை வங்கி அடமானம் கேட்காது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் விதிப்படி, ஆறு மாதம் முறையாக இயங்கிய குழு முதல் கடனாகத் தன் நிதியைப் போல 6 மடங்கோ, குறைந்தது ₹1.5 லட்சமோ, எது அதிகமோ அதைக் கேட்கலாம்.

தரமதிப்பீட்டில் பார்ப்பது ஐந்து: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, குழுவுக்குள் கடன் சுழற்சி, ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தல், எழுதிய கணக்கு. குழு தோற்பது பெரும்பாலும் ஐந்தாவதில். தீர்மான நோட்டில் கூட்டம் நடந்ததாக இருக்கும், உறுப்பினர் கையெழுத்து இருக்காது. அல்லது மூன்று மாதக் கூட்டத்தை ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதியிருப்பார்கள். வங்கி அதிகாரி முதலில் புரட்டுவது அந்த நோட்டைத்தான்.

கடன் வந்ததும் எல்லோருக்கும் சமமாகப் பிரித்துவிடுவது அடுத்த தவறு. தேவை இல்லாதவர் கைக்குப் போன பங்கு, வேறொருவருக்கு வட்டிக்குப் போகும். திருப்பிச் செலுத்துவது அங்கே உடையும். யாருக்கு எதற்கு எவ்வளவு என்று தீர்மானத்தில் எழுதிப் பிரியுங்கள்.

7. கிளையைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டுக்குப் பக்கத்தில் என்பதற்காக ஒரு கிளையைப் பிடிக்காதீர்கள். உங்கள் நடப்புக் கணக்கு உள்ள கிளை முதல் தேர்வு. வரவுசெலவு அவர்கள் கண்ணெதிரே இருக்கிறது. அங்கே முடியாவிட்டால், உங்கள் தொழிலில் உள்ள வேறொருவருக்குச் சமீபத்தில் கடன் கொடுத்த கிளை. மிக்சர் யூனிட்டுக்கு எண்ணெய் எவ்வளவு இறங்கும், கடைகளில் பாக்கி எத்தனை நாள் நிற்கும் என்று ஒருமுறை கணக்குப் போட்ட அதிகாரிக்கு இரண்டாவது கோப்பு எளிது.

மேனேஜர் மாற்றலாகப் போகும் மாதங்களில் கோப்பு கொடுத்தால் புது மேனேஜர் மறுபடி முதலிலிருந்து பார்ப்பார். கிளை ஊழியரிடம் விசாரித்தால் இது தெரியும். ஒரே நேரத்தில் மூன்று வங்கியில் விண்ணப்பிக்க வேண்டாம்; மூன்று விசாரணைகளும் கடன் அறிக்கையில் ஏறும்.

8. அறிமுகம்

இப்போதுதான் ஆள் வேண்டும். உங்களை அழைத்துச் செல்ல ஏற்றவர், அதே கிளையில் கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டும் தொழில்காரர். அவர் பேச வேண்டியது இரண்டே வாக்கியம்: எத்தனை ஆண்டாகத் தெரியும், என்ன தொழில் செய்கிறார். மீதியை நீங்கள் பேசுங்கள். உங்கள் தொழில் எண்களை நீங்களே சொல்ல முடியாமல் அழைத்து வந்தவர் பதில் சொன்னால், கடன் உண்மையில் யாருக்கு என்ற சந்தேகம் வரும்.

கோப்பு இந்த வரிசையில் இருக்கட்டும்: ஒரு பக்கச் சுருக்கம், அடையாளமும் உத்யமும், ஸ்டேட்மென்ட், ரிட்டர்ன்கள், சப்ளையர், வாடிக்கையாளர் கடிதங்கள், மெஷின் கொட்டேஷன், திட்ட அறிக்கை. கொட்டேஷன் உண்மையான விற்பனையாளரிடமிருந்து வர வேண்டும். கடன் தொகை அவர் கணக்குக்கே நேராகப் போகும் என்பதால், தெரிந்தவரிடம் கூட்டி எழுதி வாங்கிய கொட்டேஷன் இரண்டு பேரையும் சிக்கவைக்கும்.

கொடுத்ததற்குத் தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ₹25 லட்சம் வரையான குறு, சிறு தொழில் கடன் விண்ணப்பத்தில் முடிவு சொல்ல வங்கிக்கு 14 வேலை நாட்கள்தான் அவகாசம். ஒப்புகை இல்லை என்றால் அந்த நாள் எண்ணிக்கை தொடங்குவதே இல்லை.

"லோன் முடித்துத் தருகிறேன்" என்று முன்பணம் கேட்கும் இடைத்தரகரை இந்தப் படியில்தான் சந்திப்பீர்கள். முத்ரா கடனுக்கு ஏஜென்ட் என்று யாரையும் நியமிக்கவில்லை. ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

9. ஜாமீன்: கேட்கும் முன் யோசியுங்கள்

குறு, சிறு தொழிலுக்கு ₹10 லட்சம் வரையான (2026 ஏப்ரல் முதல் ₹20 லட்சம் வரையான) கடனுக்கு வங்கி சொத்து அடமானம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. அதற்கு மேலும், சிறு தொழில் கடனுக்கு வங்கியிடம் உத்தரவாதம் தரும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. திட்டத்தில் கடன் சேர்ந்தால், கட்டணம் செலுத்தி மூன்றாம் நபர் ஜாமீன் இல்லாமல் பெறலாம். நம் ₹9.2 லட்சக் கடனுக்கு மாமனார் வீட்டுப் பத்திரம் தேவையே இல்லை. கடனில் வாங்கும் மெஷினும் சரக்கும் வங்கியின் பெயரில் ஈடாக இருக்கும். அது வழக்கமானது, அதைச் சொத்து அடமானத்தோடு குழப்ப வேண்டாம்.

அப்படியும் கேட்டால் சண்டை வேண்டாம். "சார், இதை உத்தரவாதத் திட்டத்துல சேர்க்க முடியுமா? கட்டணத்தை நான் கட்டிக்கிறேன்" என்று கேளுங்கள். பல கோப்புகள் இந்த ஒரு கேள்வியில் நகர்கின்றன.

ஜாமீன் தவிர்க்கவே முடியாத கடன் என்றால், கையெழுத்துப் போடுபவரிடம் மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. "முதலில் அவரிடம் கேளுங்கள்" என்று அவர் ஒதுங்க முடியாது. இந்தக் கடன் அவருடைய கடன் அறிக்கையிலும் தெரியும். நாளை அவர் வீட்டுக் கடன் கேட்டால் தகுதி குறையலாம்.

"நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்" என்று மாறி மாறி ஜாமீன் போட்டுக்கொள்வது கடைத்தெருக்களில் சாதாரணம். ஒருவர் விழுந்தால் இருவரும் விழுவார்கள். நான்காம் படியில் கடிதம் கொடுத்த சப்ளையரை ஜாமீனுக்குக் கேட்கவே கேட்காதீர்கள். அவருடைய நம்பிக்கைதான் உங்கள் தொழிலின் மூலப்பொருள். தவணை தவறிய மாதம் வங்கியும் சரக்கும் ஒருசேர நின்றுபோகும்.

10. கள ஆய்வு

ஃபீல்டு ஆபீசர் சொல்லாமலும் வருவார். போர்டில் உள்ள பெயரும் உத்யம் பெயரும் ஒன்றா, அடுப்பு எரிகிறதா, சரக்கு இருப்பு சொன்ன அளவில் இருக்கிறதா என்று பார்ப்பார். பக்கத்துக் கடையில் விசாரிப்பார். அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டிச் சொல்லிக்கொடுத்துப் பேச வைக்காதீர்கள். "வங்கியிலிருந்து வந்தால் தெரிந்ததைச் சொல்லுங்கள்" என்பது போதும். வீட்டில் உள்ளவர்களுக்குக் கடன் தொகையும் நோக்கமும் தெரிந்திருக்க வேண்டும். மனைவி ஒரு தொகையும் கணவர் ஒரு தொகையும் சொன்னால், அத்தனை காகிதத்துக்கும் மதிப்புப் போய்விடும்.

11. மறுத்தால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கொடுக்க வேண்டியது வங்கியின் கடமை. வருமானம் போதவில்லை என்றால் தொகையைக் குறைத்து, முதலில் மெஷினுக்கு மட்டும் கேளுங்கள். கடன் அறிக்கை என்றால் முதல் படிக்குத் திரும்புங்கள். காரணம் சொல்லாமல் இழுத்தடித்தால் வங்கியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையதளம் வழியாகக் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்று குறைதீர்ப்பாளர் உத்தரவிடுவார் என எதிர்பார்க்காதீர்கள். தாமதம், காரணம் சொல்லாமை போன்ற குறைகளுக்குத்தான் அவர்.

12. கடன் வந்தபின் முதல் ஆறு மாதம்

தவணை தேதிக்கு மூன்று நாள் முன்பே கணக்கில் பணம் இருக்கட்டும். ஒரு நாள் தாமதமும் கணக்கில் குறியாக ஏறும். 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். சி.சி. கணக்கை எடுத்த அளவிலேயே தூங்க விடாதீர்கள். விற்பனைப் பணம் முழுவதும் அதே கணக்கில் வந்து போக வேண்டும். வேறு வங்கியில் விற்பனையைக் கட்டுவதுதான் புதுப்பித்தலின்போது வரம்பு குறைய முதல் காரணம். மாதச் சரக்கு இருப்புக் கணக்கை வங்கி கேட்ட தேதிக்குள் கொடுங்கள்.

பண்டிகை முடிந்து கடைகளில் பாக்கி தேங்கி ஒரு மாதம் முடியாது என்று தெரிந்தால், தவறும் முன்பே கிளைக்குப் போய்ச் சொல்லுங்கள். தவறிய பிறகு சொல்வதற்கும் முன்பே சொல்வதற்கும் அதிகாரி எழுதும் குறிப்பில் வித்தியாசம் உண்டு.

கடிதம் கொடுத்தவர்களுக்குக் கடன் வந்ததைத் தெரிவியுங்கள். கையில் பணம் வந்ததும் மொத்தக் கடைக்காரரின் 21 நாள் தவணையை 15 நாளாகக் குறைத்து, கொள்முதல் விலையில் தள்ளுபடி பேசுங்கள். அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது அவர் தரும் லெட்ஜரில் அந்த 15 நாள் தெரியும்.